தோட்டக் குளத்தில் ஸ்டெர்லெட்: 12 வருட அனுபவம்

2013 மே மாதம் ஸ்டர்ஜன் என்ற குளிர்நீர் மீனின் நான்கு குஞ்சுகளை வாங்கி வந்து எங்கள் தோட்டக் குளத்தில் விட்டேன். இன்று இருப்பவை இரண்டு. ஒன்று என் கவனக்குறைவால் செத்தது. இன்னொன்றை வேறு இடத்துக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

நாங்கள் இருப்பது ஜெர்மனியில், பவேரியாவின் டான்யூப் ஆற்றுப் பக்கம். குளம் சுமார் 25,000 லிட்டர், ஆழம் 1.6 மீட்டர். ஏற்கெனவே அழகுக்கு வளர்க்கும் ஆறு கோய் மீன்கள் (ஜப்பானிய வண்ணக் கெண்டை) இருந்தன. கடைத் தொட்டியில் நான்கும் 15 செ.மீ. நீளத்தில், பென்சில் போல ஒல்லியாக, அடித்தரையைத் தடவிக்கொண்டே சுற்றி வந்தன. எல்லாமே ஸ்டெர்லெட் என்றுதான் சொன்னார்கள். ஸ்டர்ஜன் வகைகளில் சிறியவற்றில் ஒன்று அது. ஒரு மீட்டரைத் தாண்டுவது அரிது. நம் ஊர்க் கெளுத்தி போல இதற்கும் மீசை, அதுவும் நான்கு, இருப்பதைப் பார்த்ததும், சேற்றிலும் பிழைக்கும் கெட்டி மீன் என்று நினைத்துவிட்டேன். விராலும் தேளியும் காற்றைக் குடித்தே தாக்குப்பிடிக்கும். இதற்கு அந்த வசதி கிடையாது. செவுள் வழியாகப் போகும் தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறதோ அவ்வளவுதான் அதன் உயிர்.

முதல் சிக்கல் சாப்பாடு. கோய்க்குப் போடும் தீவனம் மிதக்கும். ஸ்டெர்லெட்டுக்கு வாய் தலைக்கு அடியில். மேலே மிதப்பதை அதனால் எடுக்க முடியாது. சரி என்று மூழ்கும் தீவனம் வாங்கினேன். அது தரையைத் தொடுவதற்குள் கோய் விழுங்கிவிடும். ஆகஸ்ட் வாக்கில் பார்த்தால் நான்கிற்கும் தலைக்குப் பின்னால் உடம்பு ஒடுங்கிப்போயிருந்தது. இரண்டு மாதமாகப் பட்டினி கிடந்திருக்கின்றன, எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து இரவு இருட்டிய பிறகு, ஒரு நீளமான பிவிசி குழாயைத் தரைவரை இறக்கி அதன் வழியாகத்தான் போடுகிறேன். தானியமும் சோயாவும் நிரம்பிய மலிவுத் தீவனம் இதற்கு ஆகாது. மீன்தூளும் மீனெண்ணெயும் அதிகமாக உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

டார்ச் அடித்துப் பார்த்தால் அது சாப்பிடும் விதம் தெரியும். கண்ணை நம்புவதில்லை. மூக்கைத் தரையோடு ஒட்டியபடி வரும், மீசை நுனி தீவன உருண்டையில் படும், ஒரு நொடி கடந்துபோகும், அப்புறம் அடியிலிருந்து வாய் ஒரு குட்டைக் குழாய் போல வெளியே நீண்டு உருண்டையை உறிஞ்சிக்கொள்ளும். இத்தனை வருடம் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை.

செத்தது 2014 ஜூனில். குளத்தில் நூல்பாசி பிடித்திருந்தது. தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது, வாரக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். சனிக்கிழமை காலை ஒரு குஞ்சு பாசிக்குள் தலை புதைந்து கிடந்தது. இந்த மீனின் உடம்பில் ஐந்து வரிசை எலும்புத் தகடுகள் உண்டு. குஞ்சுப் பருவத்தில் அவை ரம்பப் பல் போலக் கூர்மையாக இருக்கும். சேலையில் முள் மாட்டியது போல ஒவ்வொரு தகட்டிலும் பாசி சிக்கியிருந்தது. மற்ற மீன்கள் என்றால் பின்வாங்கித் தப்பித்துவிடும். ஸ்டர்ஜனுக்குப் பின்பக்கமாக நீந்த வராது. முன்னால் முட்டிக்கொண்டே போகும், முட்ட முட்ட இன்னும் சிக்கும், கடைசியில் மூச்சு முட்டும். கத்தரிக்கோலால் வெட்டித்தான் அதை வெளியே எடுத்தேன். இப்போது மே, ஜூனில் இரண்டு நாளுக்கு ஒரு தடவை குச்சியில் சுற்றிப் பாசியை எடுத்துவிடுகிறேன். அடியில் செடித்தொட்டி, கல் இடுக்கு எதுவும் வைப்பதில்லை.

பாசிக்கொல்லி மருந்து போடலாமே என்று கேட்பார்கள். தாமிரம் கலந்தது எதுவும் கூடவே கூடாது. குளத்து மீன்களுக்கான மருந்துப் புட்டிகள் பலவற்றிலேயே 'ஸ்டர்ஜன் உள்ள குளத்தில் பயன்படுத்தாதீர்கள்' என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். ஒருமுறை கோய்க்கு ஒட்டுண்ணி வந்தபோது, கோயை மட்டும் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே வைத்தியம் பார்த்தேன்.

ஆனால் என்னைப் பயமுறுத்தியது வெயில்தான். 10 டிகிரி தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும்; 25 டிகிரியில் 8 சொச்சம்தான். அதே சூட்டில் மீனுக்குத் தேவையோ கூடுகிறது. இரவில் பாசியும் செடியும்கூட ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால், விடிவதற்குச் சற்று முன்புதான் மிக மோசமான நேரம். 2019 ஜூலை 25 அன்று டுயிஸ்பர்க் பக்கம் 41.2 டிகிரி பதிவாகி ஜெர்மனியின் உச்சமாக ஆனது. எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை. ஆனாலும் குளத்து நீர் 26 டிகிரிக்குப் போய்விட்டது. மறுநாள் விடிகாலை நாலு மணிக்குப் போய்ப் பார்த்தால், எப்போதும் தரையில் இருக்கும் மீன்கள் தண்ணீர் விழும் இடத்தில் மேலே வந்து மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி அவருடைய காற்றுப் பம்ப்பைக் கடன் வாங்கினேன். தோட்டக் குழாயை மெல்லிய தூறலாக வைத்து, ஒரேயடியாகக் குளிர்ந்துவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டோம். ஏழு மணிக்கு ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அந்த மூன்று மணி நேரத்தை நான் மறக்கவே மாட்டேன்.

அடுத்த மாதமே குளத்தின் பாதிக்கு நிழல் வலை போட்டேன், இரண்டாவது பம்ப் வாங்கினேன், மின்சாரம் போனால் ஓட பேட்டரியும் வைத்தேன். ஒரு 60 வாட் பம்ப் இரவும் பகலும் ஓடினால் வருடத்துக்கு 525 யூனிட் ஆகிறது. மீன் விலையை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கையும் போட வேண்டும்.

குளிர்காலம் எளிது. தண்ணீர் 8 டிகிரிக்குக் கீழே போனால் கோய்க்குத் தீவனத்தை நிறுத்திவிடுவேன். ஸ்டெர்லெட் 4 டிகிரியிலும் உலாவிக்கொண்டிருக்கும், அதற்குக் கொஞ்சமாவது போட வேண்டும். பம்ப்பின் காற்றைக் குமிழாக விடும் காற்றுக்கல்லை மட்டும் மேலே தூக்கிக் கட்டிவிடுவேன், அடியில் இருக்கும் வெதுவெதுப்பு கலங்காமல் இருக்க.

கொடுத்துவிட்ட மீனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான்கில் ஒன்று மட்டும் வேகமாக வளர்ந்தது. மற்றவை 50 செ.மீ. இருந்தபோது அது 90. மூக்கு அவ்வளவு கூர்மை இல்லை. பக்கவாட்டுத் தகடுகள் பெரிதாக, எண்ணிக்கையில் குறைவாக இருந்தன. ஸ்டெர்லெட்டுக்கு அவை பொடிசாக 50-க்கு மேல் இருக்கும், மீசையில் மெல்லிய குஞ்சமும் இருக்கும். ஆக, என்னிடம் இருந்தது சைபீரிய ஸ்டர்ஜன். ஒன்றரை மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. மீன் பண்ணைக்காரர் ஒருவர் வந்து வாங்கிக்கொண்டார். அப்போது ஒரு நண்பர், 'டான்யூப் பக்கத்தில்தானே ஓடுகிறது, விட்டுவிடேன்' என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் டான்யூபின் மேற்பகுதியில், யோகன்ஷ்டைன் அணை அருகே, இயற்கையான ஸ்டெர்லெட் ஒரு சிறு கூட்டமாக மிஞ்சியிருக்கிறது. ஆற்றுக்குள் வந்துவிட்ட சைபீரிய ஸ்டர்ஜனோடு மேல் டான்யூப் ஸ்டெர்லெட் கலப்பினமாகியிருப்பதை மரபணு ஆய்வு காட்டியிருக்கிறது. 2022-இல் ஐயுசிஎன் என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு, உலகில் மிஞ்சியுள்ள ஸ்டர்ஜன், அதன் உறவான துடுப்பு மீன் என 26 இனங்களும் அழியும் ஆபத்தில் இருப்பதாக அறிவித்தது. அப்படிப்பட்ட ஆற்றில் என் குளத்து மீனை விட எனக்கு உரிமை இல்லை.

இப்போது இரண்டும் 75 செ.மீ. சுமார். 20 வருடத்துக்கு மேல் வாழக்கூடிய மீன் என்பதால், எனக்கு முடியாமல் போனால் தான் பார்த்துக்கொள்வதாக மகள் சொல்லியிருக்கிறாள். குழாயில் தீவனம் போட அவளுக்கு நன்றாகவே வரும். வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் கோடையில் ஒருநாள் மதியம் தெர்மாமீட்டரை உங்கள் குளத்தடியில் விட்டுப் பாருங்கள் என்கிறேன். 22-ஐத் தாண்டினால் வேண்டாம், கோயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.