பிழிவதா, எரிப்பதா: கிராஃப்ட் காகித ஆலையில் ஒரே பணத்துக்கு இரண்டு வழிகள்

பழைய அட்டைப்பெட்டிகளைக் கரைத்துக் கிராஃப்ட் காகிதம் செய்யும் ஓர் ஆலையில் உற்பத்திப் பொறுப்பில் இருக்கிறேன். கொங்குப் பகுதியில் இத்தகைய ஆலைகள் நிறைய உண்டு. எங்களுடையது நாளுக்கு நூறு டன் எடுக்கும் நடுத்தர ஆலை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நிலக்கரிச் செலவு தாங்க முடியாமல் போனபோது, கையில் இருந்த முதலீட்டுக்கு இரண்டு யோசனைகள் மேசைக்கு வந்தன. முதல் யோசனை, இருக்கும் பாய்லரை எடுத்துவிட்டு விறகு, உமி, கடலைத்தோல் எதைப் போட்டாலும் எரிக்கும் புதிய பாய்லர் வைப்பது. அடுத்தது, பாய்லரைத் தொடாமல், காகித எந்திரத்தில் ஈரத் தாளைப் பிழியும் கடைசிப் பிரஸ்ஸைக் கழற்றிவிட்டு, இன்னும் நன்றாகப் பிழியும் ஷூ பிரஸ் பொருத்துவது. வந்த விலைப்புள்ளிகளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சூரிய மின்தகடு பற்றியும் பேச்சு எழுந்தது. அது மோட்டாருக்கு உதவும். தாளை உலர்த்தும் டிரையருக்கு வேண்டியது நீராவி. எங்கள் எரிபொருளில் பெரும்பகுதி நீராவியாகவே போவதால் அந்தப் பேச்சு அன்றே முடிந்தது.

நாங்கள் ஷூ பிரஸ்ஸைத் தேர்ந்தெடுத்தோம். இன்றும் அதையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் வாங்கும்போது நான் நினைத்திருந்த காரணம் வேறு, இப்போது அதை ஆதரிப்பதற்கான காரணம் வேறு.

கணக்கிலிருந்து தொடங்குகிறேன். எந்திரத்தின் தலைப்பெட்டியிலிருந்து வயர் எனும் சல்லடை வலை மீது கொட்டும் கூழில் நார் நூற்றுக்கு ஒன்றுகூடக் கிடையாது. 0.8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு டன் காகிதத்துக்குச் சுமார் 1,15,000 லிட்டர் தண்ணீர் கூடவே வருகிறது. வயரைத் தாண்டும்போது அதில் ஏறத்தாழ 3,700 லிட்டர் மிஞ்சும். உருளைப் பிரஸ் அதைப் பிழிந்து தாளை 42 சதவீத உலர்நிலைக்கு, அதாவது எடையில் 42 பங்கு நார், மீதி தண்ணீர் என்ற நிலைக்குக் கொண்டுவந்தால் மிச்சம் 1,280 லிட்டர். இதில் சுமார் 1,210 லிட்டரை நீராவியால் சூடேற்றிய சிலிண்டர்களில் ஆவியாக்கினால்தான் 93 சதவீத உலர்நிலையில் ரீல் சுற்ற முடியும். அதாவது டிரையர் வெளியேற்றுவது மொத்தத் தண்ணீரில் நூற்றில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்குக்காகத்தான் பாய்லர் இரவும் பகலும் எரிகிறது. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 540 கிலோ கலோரி வேண்டும் என்பது இயற்கையின் கட்டணம்; பேரம் பேச வழியில்லை. பிழிந்து எடுக்கும் தண்ணீருக்கு அந்தக் கட்டணம் கிடையாது. மழைக்காலத்தில் துணி துவைக்கும் எந்த வீட்டிலும் இது தெரிந்த விஷயம்: ஒழுங்காகப் பிழியாத வேட்டி கொடியில் மறுநாளும் ஈரமாகவே தொங்கும்.

இனி புதிய பாய்லர். அதன் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு டன் நிலக்கரி எரிந்தால் ஒன்றரை டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறும். சீமைக்கருவேலம் வெட்ட வெட்டத் துளிர்க்கும் மரம். எரியும்போது விடும் கரியமில வாயுவை வளரும்போது திரும்ப எடுத்துக்கொள்கிறது. கண்மாயையும் மேய்ச்சல் நிலத்தையும் அடைத்து நிற்கும் மரத்தை அகற்றி எரிபொருளாக்கினால் ஊருக்கும் நல்லது. கப்பலில் வரும் நிலக்கரிக்குக் கொடுக்கும் பணம் உள்ளூரில் சுற்றும். இதையெல்லாம் மறுக்க மாட்டேன்.

ஆனால் விறகைக் கிலோ கணக்கில் வாங்குகிறோம், பாய்லருக்கு வேண்டியதோ அதிலுள்ள கலோரி. இருபது சதவீத ஈரமுள்ள விறகு ஒரு கிலோவுக்குச் சுமார் 3,400 கிலோ கலோரி தரும். ஐப்பசி, கார்த்திகையில் மழையில் நனைந்து 45 சதவீத ஈரத்தோடு லாரியில் வந்திறங்கும் அதே விறகு 2,150ஐத் தாண்டாது. லாரி நிறைய வந்தது மரமும் தண்ணீரும் பாதிப் பாதி. அந்தத் தண்ணீரை முதலில் அடுப்புக்குள்ளேயே காய்ச்சித் தள்ளிய பிறகுதான் காகிதத்தின் தண்ணீரைக் காய்ச்ச நீராவி கிடைக்கும். வேரோடு பிடுங்கி வந்த கட்டையில் ஒட்டியிருக்கும் மண் அடுப்பில் உருகிக் கட்டியாகும். மரச்சாம்பலில் உள்ள பொட்டாசியம் குழாய்களில் அப்பிக்கொள்ளும். உமி உலர்ந்தது, நன்றாக எரியும். ஆனால் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். அதில் பெரும்பகுதி சிலிக்கா. பாய்லர் குழாயை உப்புத்தாள் போலத் தேய்க்கும்.

இதைவிட என்னைத் தயங்க வைத்தது, இந்த எரிபொருளுக்கு ஏற்கெனவே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்பது. உமியை அரிசி ஆலைகளே எரிக்கின்றன. விறகுக்கு ஈரோட்டிலும் திருப்பூரிலும் உள்ள சாயப்பட்டறைகள் வரிசையில் நிற்கின்றன. புகளூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1979ல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் மரத்துக்குப் பதிலாகக் கரும்புச் சக்கையைக் கூழுக்கு எடுத்தது. சர்க்கரை ஆலைகளுக்கோ சக்கைதான் பாய்லர் எரிபொருள். சக்கையைக் கொடுத்துவிட்டால் அவர்கள் அடுப்பு எதில் எரியும்? ஆகவே ஆலைகளுக்கு மாற்று எரிபொருளும் அதற்கேற்ற பாய்லரும் கொடுத்துச் சக்கையைப் பெறும் ஏற்பாடு வந்தது. மரங்கள் தப்பின, அது பெரிய காரியம். ஆனால் தாவரக் கழிவு எதுவும் கேட்பாரற்றுக் கிடக்கவில்லை என்பதையும் அந்த ஏற்பாடு காட்டுகிறது. ஓர் ஆலை எரிபொருளை மாற்றிக்கொண்டால், பல நேரங்களில் அதே பாரம் பக்கத்து ஆலையின் தலைக்கு இடம் மாறுகிறது. தேவையையே குறைத்தால் அது யார் தலையிலும் ஏறாது.

ஷூ பிரஸ்ஸின் கருத்து எளிது. இரண்டு உருளைகள் ஒன்றையொன்று தொடும் இடம் சில சென்டிமீட்டர் அகலமே இருக்கும். தாள் அதைக் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகக் கடந்துவிடும். அந்த நேரத்துக்குள் அழுத்தத்தை மட்டும் ஏற்றினால் தண்ணீர் வெளியேற வழியின்றித் தாளையே நசுக்கிவிடும். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெலாய்ட் நிறுவனம் ஓர் உருளைக்குப் பதிலாகக் குழிந்த பலகை ஒன்றை வைத்து, மேலே எண்ணெயில் வழுக்கும் பட்டையை ஓடவிட்டு, அழுத்தும் இடத்தின் நீளத்தைக் கால் மீட்டர் அளவுக்கு நீட்டியது. நேரம் கிடைப்பதால் தண்ணீர் அமைதியாக வெளியேறுகிறது. 42 சதவீதமாக இருந்த உலர்நிலை 47 ஆனால், ஆவியாக்க வேண்டியது 1,210 லிட்டரிலிருந்து 980 ஆகக் குறையும். ஒரு கிலோ தண்ணீருக்கு 1.3 கிலோ நீராவி, கிலோவுக்கு 4,200 கிலோ கலோரி தரும் நிலக்கரி, 78 சதவீதத் திறனுள்ள பாய்லர் என்று எடுத்துக்கொண்டால், டன்னுக்குச் சுமார் 50 கிலோ நிலக்கரி மிச்சம். நூறு டன் ஆலையில் நாளுக்கு ஐந்து டன்.

இந்தக் கணக்கை நம்பித்தான் வாங்கினோம். முதல் இரண்டு மாதங்கள் 44ஐத் தாண்டவில்லை.

பிரஸ்ஸில் குறை எதுவும் இல்லை. குறை ஃபெல்ட்டில் இருந்தது. இந்த ஒப்பீட்டில் முடிவைத் தீர்மானிப்பது ஃபெல்ட் பராமரிப்புதான் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

தாளிலிருந்து பிழியப்படும் தண்ணீர் நேராகத் தரையில் விழுவதில்லை. தாளோடு சேர்ந்து ஓடும் கம்பளிப் பட்டைக்குள் போகிறது. ஒரு காலத்தில் உண்மையான கம்பளி. இப்போது நைலான், பெயர் மட்டும் ஃபெல்ட். அந்த ஃபெல்ட் அடுத்த சுற்றுக்குத் திரும்பி வருவதற்குள் வேக்கம் பாக்ஸ் அந்தத் தண்ணீரை உறிஞ்சி எடுத்திருக்க வேண்டும். எடுக்காவிட்டால், நனைந்த துண்டால் தலை துவட்டுவது போலத்தான். எங்கள் மூலப்பொருள் பழைய அட்டைப்பெட்டி. அதில் ஒட்டுநாடாவின் பசை, சூடான பசை, பிளாஸ்டிக் துணுக்கு எல்லாம் வரும். பசை வெதுவெதுப்பான நீரில் இளகி ஃபெல்ட்டின் துளைகளில் போய் உட்காரும். வெளியே பார்க்க ஃபெல்ட் புதிது போலவே இருக்கும். தண்ணீர் மட்டும் உள்ளே போகாது.

நாங்கள் செய்து வந்த தவறுகள் மூன்று. உயர் அழுத்த ஷவர் ஒரே இடத்தில் நின்று அடித்ததால் ஃபெல்ட்டில் கோடு விழுந்தது, மற்ற இடமெல்லாம் அழுக்காகவே இருந்தது. வேக்கம் பம்புக்குப் போகும் குளிர்நீர் சூடாக இருந்ததால் வேக்கம் ஏறவில்லை. அதைப் பல மாதங்கள் யாரும் கவனிக்கவில்லை. மூன்றாவதுதான் பெரியது: ஃபெல்ட்டைக் கிழியும்வரை ஓட்டினோம். லட்சங்களில் விலை என்பதால் ஒவ்வொரு நாளும் கூடுதலாக ஓடினால் லாபம் என்று எல்லோரும் நினைத்தோம். கடைசிப் பத்து நாட்களில் உலர்நிலை 46லிருந்து 44க்கு இறங்கினால் என்ன ஆகும் என்று ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாளுக்கு இரண்டு டன் நிலக்கரி, பத்து நாளில் இருபது டன். ஃபெல்ட்டில் மிச்சம் பிடித்ததாக நினைத்த பணத்தை அப்படியே பாய்லருக்குள் போட்டுக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு ஓர் ஒழுங்கு வந்தது. ஒவ்வொரு ஷிஃப்டிலும் தாள் அறுந்து நிற்கும்போது பிரஸ் முடிவில் ஒரு துண்டு வெட்டி, காற்றுப் புகாத பையில் போட்டு எடை பார்ப்பது, 105 டிகிரி அடுப்பில் காயவைத்து மறுபடி எடை பார்ப்பது. அவ்வளவுதான் கருவி. பதிவேட்டில் எண் இறங்கத் தொடங்கினால் அடுத்த நிறுத்தத்தில் ரசாயனக் கழுவல். கழுவியும் ஏறவில்லை என்றால் ஃபெல்ட்டை மாற்றுவது, கிழிந்திருந்தாலும் கிழியாவிட்டாலும். பிட்டர் ஒருவர் பல ஆண்டுகளாக, "தாள் ஈரமாக வந்தால் நீராவியை ஏற்றாதீர்கள் சார், முதலில் ஃபெல்ட்டைத் தொட்டுப் பாருங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது எண்ணாக மாறிய பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. இப்போது 47, சில வாரங்களில் 48.

இந்த இடத்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். மேலே சொன்ன ஒழுங்கில் பெரும்பகுதிக்கு ஷூ பிரஸ் தேவையே இல்லை. பழைய உருளைப் பிரஸ்ஸிலும் ஃபெல்ட்டைப் பேணினால் ஒன்றிரண்டு சதவீதம் ஏறும். 42க்கு அருகில் ஒவ்வொரு சதவீதமும் டிரையர் சுமையில் நான்கு சதவீதத்துக்கு மேல் குறைக்கிறது. தாள் பிரஸ்ஸுக்குள் நுழையுமுன் நீராவிப் பெட்டி வைத்துப் பத்து டிகிரி சூடேற்றினால் இன்னும் ஏறத்தாழ ஒரு சதவீதம் கிடைக்கும் என்பது தொழிலில் பழகிய கணக்கு. சூடான தண்ணீர் இளகி ஓடும். பெரிய முதலீட்டுக்கு வழியில்லாத ஆலை இங்கிருந்து தொடங்கலாம்.

ஷூ பிரஸ்ஸின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அதில் எண்ணெயில் வழுக்கி ஓடும் பாலியூரிதேன் பட்டை வெளிநாட்டிலிருந்து வருகிறது. கூழ்க்கட்டி ஒன்று தாளோடு உள்ளே போனால் போதும், பட்டை காயப்பட்டுவிடும். எங்களுக்கு ஒருமுறை அப்படி நடந்து, மாற்றுப் பட்டை கையிருப்பில் இருந்ததால் தப்பினோம். இல்லாவிட்டால் எந்திரம் வாரக்கணக்கில் நின்றிருக்கும். பத்து ஆண்டுகள் ஓட்டியவர்களின் பட்டைச் செலவு என் அனுபவத்துக்கு வெளியே இருக்கிறது. எனக்கு இரண்டு ஆண்டுக் கணக்குத்தான். சைஸ் பிரஸ்ஸில் ஸ்டார்ச் கரைசல் பூசும் ஆலைகளில் லாபம் குறையும். எவ்வளவு பிழிந்தாலும் அங்கே தாள் மறுபடி நனைகிறது, அதற்குப் பிந்தைய டிரையர்களின் சுமை அப்படியே நிற்கும். தாளின் தடிமனும் சற்றுக் குறையும்; பிஎஃப் (தாள் வெடிக்காமல் அழுத்தம் தாங்கும் வலிமை) கேட்கும் வாடிக்கையாளருக்கு அது நல்லது, தடிமன் கேட்பவருக்கு அல்ல.

இன்னொன்று என் மனதை உறுத்துவது. டிரையர் சுமை குறைந்ததும் எந்திரத்தின் வேகத்தை ஏற்றும் வாய்ப்புக் கிடைத்தது, ஏற்றினோம். ஒரு டன் காகிதத்துக்கு எரிக்கும் நிலக்கரி குறைந்திருக்கிறது. ஆலை மொத்தமாக எரிப்பது அதே அளவுக்குக் குறையவில்லை. கேட்க வெளியிலிருந்து யாரும் வரப்போவதில்லை. ஆற்றல் செலவைக் குறைக்க ஆலைகளுக்கு இலக்கு வைக்க 2012ல் தொடங்கிய தேசிய ‘பாட்’ திட்டம், ஆண்டுக்கு 30,000 டன் எண்ணெய்க்கு நிகரான ஆற்றலோ அதற்கு மேலோ செலவிடும் காகித ஆலைகளைத்தான் கட்டாயத்துக்குள் கொண்டுவந்தது. எங்களைப் போன்றவர்கள் அந்த வரம்புக்கு வெகு கீழே இருக்கிறோம். ஆகவே டன்னுக்கு எவ்வளவு, மாதத்துக்கு எவ்வளவு என்று இரண்டு எண்களையும் நாங்களே அறிவிப்புப் பலகையில் எழுதுகிறோம்.

உங்கள் பாய்லர் ஆயுள் முடிந்து, குழாய் மாற்றி மாற்றி ஓடுகிறது என்றால் என் பதில் மாறும். அதை முதலில் மாற்றித்தான் ஆக வேண்டும். அப்போதும் பிரஸ்ஸுக்குப் பிந்தைய உலர்நிலையை ஏற்றிய பிறகு பாய்லரின் அளவை முடிவு செய்யுங்கள். தேவை குறைந்த பிறகு வாங்கும் பாய்லர் சிறியதாகவே போதும். எங்களுடைய பழைய பாய்லர் நிலக்கரியோடு கொஞ்சம் விறகையும் ஏற்கிறது; மழைக்காலத்தில் மட்டும் அதைக் கைவிட்டு வந்தோம். இந்த ஆண்டு ஐப்பசிக்குள் விறகுக் களத்துக்குக் கூரை போட்டுவிட வேண்டும் என்று வேலை நடக்கிறது. டிரையர் மேல்மூடியிலிருந்து வீணாகப் போகும் சூடான காற்றை அந்தக் களத்துக்குத் திருப்ப முடியுமா என்று குழாய் அளவெடுத்துக்கொண்டிருக்கிறோம்.