பழைய மைனர் பிக்கப்பில் பொயின்றா, மொடியூலா: எது வீடு கொண்டுவந்து சேர்க்கும்?

யாழ்ப்பாணத்துப் புத்தூரில் தோட்டம் செய்யும் என் மாமாவிடம் 1964ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் பிக்கப் ஒன்று இருக்கிறது. 1098 சீ.சீ. என்ஜின். வாரத்தில் நான்கு நாள் விடியற்காலையில் வெங்காயமும் பீற்றூட்டும் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிச் சந்தைக்குப் போகும் வண்டி அது. காட்சிக்கு வைத்திருக்கும் வண்டி அல்ல. கடந்த ஆண்டு மாமா என்னிடம் கேட்டார்: "தம்பி, இந்தப் பொயின்றை உரஞ்சி உரஞ்சிக் களைத்துவிட்டேன். எலெக்ரோனிக் பூட்டினால் கரைச்சல் தீரும் என்கிறார்கள். எது நல்லது என்று நீயே பார்த்துச் சொல்."

பிளக்குகளில் பொறி விழ, கொயில் என்ற சுருளுக்குப் போகும் மின்சாரத்தை வெட்டிவெட்டிக் கொடுக்க வேண்டும். தொட்டுப் பிரியும் உலோக முனைகளால் வெட்டுவது பொயின்ற், எலெக்ரோனிக்காக வெட்டுவது மொடியூல். பார்த்துச் சொல்வதற்கு எனக்கு எட்டு மாதமும் இரண்டு மொடியூலும் செலவாயின. எந்தப் பொருள் நன்றாக ஓடும் என்று கேட்டால் எல்லாமே நன்றாகத்தான் ஓடும். எது எப்படி நின்றுபோகும், நின்ற இடத்தில் என்ன செய்யலாம் என்பதை வைத்துத்தான் இவற்றை ஒப்பிட வேண்டும். உதிரிப்பாகத்துக்குக் கொழும்பின் பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்ப வேண்டிய ஊரில், ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தள்ளி இருந்துகொண்டு, வேறு எதை வைத்தும் அளப்பதில் பயனில்லை.

முதலில் பழைய பொயின்ற். கெட்டிக்காரத்தனமான பொருள் அது. அதைக் குறைவாக மதிப்பிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில், இங்கே ஒஸ்ரின் ஏ-40களும் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு என்ஜினைப் பற்றவைத்து, சூடு ஏறியதும் மண்ணெண்ணெயைத் திறந்துவிடுவார்கள். நல்ல பற்றரி கிடைப்பதும் அரிது. அந்த வண்டிகள் தள்ளியும் ஹாண்டில் போட்டுச் சுற்றியும் பற்றியதற்கு ஒரு காரணம், பொயின்றுக்கு வோல்ற் கணக்குத் தெரியாது என்பதுதான். பற்றரி பாதி இறந்திருந்தாலும், இரண்டு உலோக முனைகள் தொட்டுப் பிரிந்தால் கொயில் தன்னால் இயன்ற பொறியைத் தரும். அரைகுறையாக வேலை செய்து வீடு சேர்க்கும் குணம் பொயின்றுக்கு உண்டு. மொடியூல் அப்படியல்ல. வேலை செய்யும், அல்லது செய்யாது.

பொயின்றின் குறைகளும் உண்மையானவை. 0.015 அங்குல இடைவெளி என்று வைத்தால், சுழலும் காமில் உரசும் குதி தேயத் தேய அது சுருங்கும். சுருங்கச் சுருங்க ரைமிங், அதாவது பொறி விழும் நேரம், பின்னுக்குப் போகும். கொயிலின் நான்கு அம்பியர் அளவான மின்சாரம் முழுவதையும் அந்தச் சிறு முனைகளே வெட்டுவதால் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் விழும். முனைகளில் பொறி பறக்காமல் அடக்குவது கொண்டென்சர். இப்போது விற்பனைக்கு வரும் கொண்டென்சர்களில் பல, சூட்டில் கைவிட்டுவிடுகின்றன. பொயின்றில் மஞ்சளாக, தடித்த பொறி தெரிந்தால் கொண்டென்சரையே முதலில் சந்தேகிக்க வேண்டும். மாமாவின் களைப்பில் பாதி பொயின்றால் வந்தது அல்ல, மட்டமான கொண்டென்சரால் வந்தது என்பதை நான் பிந்தித்தான் கண்டுகொண்டேன்.

இரண்டாவது, பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டருக்குள் பூட்டும் மொடியூல். பொயின்றையும் கொண்டென்சரையும் கழற்றிவிட்டு, காமின் மேல் காந்த வளையம் ஒன்றை அழுத்தி, தட்டில் மொடியூலைப் பூட்டி, சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் கொயிலுக்குக் கொடுத்தால் முடிந்தது. அரைமணி நேர வேலை. உரசும் பகுதி இல்லாததால் தேய்வு இல்லை. ஒருமுறை வைத்த ரைமிங் நகராது. இதில்தான் நாங்கள் அடிபட்டோம். ஆகவே இங்கே சற்று நின்று சொல்கிறேன்.

முதல் மொடியூல் சாவியைத் திருப்பிய உடனே இறந்தது. பொருளை விற்றவரைத் திட்டினோம். பிழை எங்களுடையது. மைனர் தொழிற்சாலையிலிருந்து வரும்போது பொசிற்றிவ் ஏர்த் வண்டி. அதாவது பற்றரியின் நேர்முனை உடம்போடு இணைந்திருக்கும். மாமாவின் வண்டியை யாரோ ஒருகாலத்தில் நெகற்றிவ் ஏர்த்துக்கு மாற்றியிருக்கிறார்கள். ஆனால் கொயிலின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றவில்லை. பொயின்றோடு அப்படியும் ஓடும், பொறி கொஞ்சம் பலவீனமாக இருக்கும், அவ்வளவுதான். நாங்களோ கொயிலில் எழுதியிருந்த + குறியைப் பார்த்துச் சிவப்பையும், − குறியைப் பார்த்துக் கறுப்பையும் கொடுத்தோம். அந்த வண்டியில் சுவிச்சிலிருந்து வரும் மின்சாரம் − முனையில் இருந்தது. கொயிலின் தடை நடுவில் இல்லாமல் பற்றரி நேரே மொடியூலுக்குள் பாய்ந்தது. எனவே, எந்த எலெக்ரோனிக் பொருளையும் பூட்டுமுன் பற்றரியின் எந்த முனை உடம்புக்குப் போகிறது, சாவி போட்டதும் கொயிலின் எந்த முனைக்கு மின்சாரம் வருகிறது என்ற இரண்டையும் மீற்றர் வைத்துப் பாருங்கள். பழைய லூக்காஸ் கொயிலில் குறிகளுக்குப் பதில் SW, CB என்று இருக்கும். SW சுவிச்சுக்கு, CB பொயின்றுக்கு. அந்த எழுத்துகளும் வண்டி பிறந்தபோது இருந்த ஏர்த்துக்கு எழுதியவை என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது மொடியூல் மூன்று மாதம் தேன்போல ஓடியது. பிறகு ஒருநாள் கோப்பாய்ச் சந்தி தாண்டியதும் வெங்காயச் சுமையோடு நின்றது. அரைமணி நேரம் கழித்துப் பற்றியது. மறுநாளும் அதே கதை. காலையில் பற்றவைக்கும்போது ஒரு புதுமையும் இருந்தது: சாவியைப் பிடித்திருக்கும்வரை என்ஜின் சுற்றும், பற்றாது, சாவியை விட்ட அந்தக் கணத்தில் பற்றும். இந்த அறிகுறி நோயின் பெயரையே சொல்லிவிடுகிறது. ஸ்ராற்றர் சுற்றும்போது கொயிலுக்கு வரும் வோல்ற் விழுகிறது. பல மொடியூல்கள் 8 வோல்ற்றுக்குக் கீழே தடுமாறும். பற்றரியில் 12.5 இருந்தபோது, சாவி போட்டு நின்ற நிலையிலேயே கொயிலில் 10.9தான் காட்டியது. அறுபது வருடப் பழைய சுவிச்சும் பச்சை பூத்த வயர் முனைகளும் மிச்சத்தைத் தின்றுகொண்டிருந்தன. கடற்காற்றுள்ள ஊரில் செப்பு பச்சை பூப்பது இயல்பு. பியூஸ் பெட்டியிலிருந்து புது வயரும், பழைய சுவிச்சால் இயங்கும் ஒரு ரிலேயும் போட்டதும் காலைப் பிரச்சினை தீர்ந்தது.

ஓட்டத்தில் நிற்பது தீரவில்லை. அதற்குக் காரணம் டிஸ்ரிபியூட்டருக்குள் இருந்த விரலளவு வயர். பொயின்ற் தட்டை உடம்போடு இணைக்கும் மெல்லிய பின்னல் ஏர்த் வயர் அது. ரைமிங்கை மாற்ற என்ஜினின் உறிஞ்சல் (வக்கியூம்) இழுக்கும்போது தட்டு அசையும். அசைந்து அசைந்து உறைக்குள்ளேயே அந்தப் பின்னல் அறுந்திருந்தது. வெளியே முழுசாகத் தெரிந்தது. பொயின்ற் இருந்த காலத்தில் தட்டின் உரசலே ஏர்த்தாகப் போதுமாக இருந்தது. மொடியூலுக்குப் போதவில்லை. சிறு துண்டு மெல்லிழை வயரை ஒட்டிப் பூட்டினோம். அன்றுமுதல் வண்டி நிற்கவில்லை. மொடியூல் பழுது என்று தூக்கி எறியப்படுபவற்றில் எத்தனை இப்படி நல்ல மொடியூல்களோ என்று எண்ணும்போது எனக்கு மனம் வருந்துகிறது.

கொயிலின் தடையையும் அளந்துகொள்ளுங்கள். சாதாரண 12 வோல்ற் கொயில் 3 ஓம் அளவில் இருக்கும். பலாஸ்ற் என்ற தனித் தடையோடு வரும் பிற்கால வண்டிகளின் கொயில் 1.5 ஓம். பலாஸ்ற் இல்லாமல் அதைப் பூட்டினால் மின்சாரம் இரட்டிப்பாகி மொடியூல் வெந்துவிடும். பிளக் வயர்கள் பழைய செப்பு வகை என்றால் தடையுள்ள வயராக மாற்ற வேண்டும். செப்பு வயரின் மின் இரைச்சல் சில மொடியூல்களைக் குழப்பும். டிஸ்ரிபியூட்டருக்குள் சுழன்று பொறியைப் பங்கிடும் ரோட்டரும் கவனிக்கத்தக்கது. நடுவில் ஆணி அறைந்த மலிவான கறுப்பு ரோட்டர்களில் பொறி ஆணிவழியே கீழே தண்டுக்குப் பாய்ந்துவிடுவது உண்டு.

இன்னொன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மொடியூல் பூட்டிய அன்று மாமா "இழுவை கூடிவிட்டது" என்று மகிழ்ந்தார். ஒக்டேன் குறைந்த மண்ணெண்ணெய் தட்டாமல் எரிய அந்தக் காலத்தில் ரைமிங்கைப் பின்தள்ளி வைத்தார்கள். இவரது வண்டியில் அது நெடுங்காலம் அப்படியே கிடந்தது. மொடியூலுக்காக ரைமிங்கைப் புதிதாக வைத்தபோதுதான் இன்றைய 92 ஒக்டேன் பெற்றோலுக்கு ஏற்ற இடத்துக்கு அது வந்தது. கூடிய இழுவையில் பெரும்பங்கு அதனுடையது. பொயின்றை வைத்துக்கொண்டே ரைமிங்கைத் திருத்தியிருந்தாலும் அந்த மகிழ்ச்சி கிடைத்திருக்கும்.

மூன்றாவது வழியைப் பலர் கேள்விப்பட்டதில்லை. பொயின்றை அகற்றாமல், அதற்குத் துணையாக வெளியே ஒரு ரான்சிஸ்ரர் பெட்டி. பொயின்ற் கட்டளை மட்டும் கொடுக்கும். கொயிலின் மின்சாரத்தைப் பெட்டி வெட்டும். முனைகள் கருகுவதே இல்லை. குதி மட்டும் தேயும், அதற்கு ஒரு பொட்டு கிறீஸ் போதும். மின்சாரம் சிறிதாகிவிடுவதால் முனையில் எண்ணெய் படிந்தால் அதை எரித்து நீக்கும் வலு இருக்காது, ஆகவே சுத்தமாக வைத்திருக்க வேண்டும். பெட்டி இறந்தால் வயரைப் பழைய இடத்துக்கு மாற்றி, கொண்டென்சரை இணைத்தால் ஐந்து நிமிடத்தில் வண்டி 1964க்குத் திரும்பிவிடும். மின்னணு வேலை தெரிந்த ஒருவர் ஊரிலேயே செய்து கொடுக்கக்கூடிய பெட்டி இது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

நான்காவது, முழுப் புது எலெக்ரோனிக் டிஸ்ரிபியூட்டர். விலை மிக அதிகம். ரோட்டரைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்து, தண்டு ஆடுகிறது என்றால் மட்டும் இதை யோசிக்கலாம். அந்த ஆட்டத்தை மொடியூல் மறைக்குமே தவிர மாற்றாது. மலிவான போலிகளில் வக்கியூம் பகுதியே இல்லாதவை உண்டு. அவற்றை வாங்குவதைவிடப் பழையதற்குத் தண்டைத் தாங்கும் புதுப் புஷ் அடிப்பது மேல்.

வழியில் நின்றால் எந்த முறைக்கும் ஒரே சோதனை போதும். நெகற்றிவ் ஏர்த் வண்டியில் சிறு பல்ப் ஒன்றின் ஒரு வயரைக் கொயிலின் டிஸ்ரிபியூட்டர் பக்க முனையிலும் மற்றதை உடம்பிலும் பிடித்து என்ஜினைச் சுற்றுங்கள். பல்ப் மினுங்கினால் பொயின்றோ மொடியூலோ வேலை செய்கிறது. கொயிலின் மேல்வயர், மூடி, ரோட்டர் பக்கம் தேடுங்கள். அணையாமல் எரிந்தால் வெட்டும் பகுதி இணைப்பையே தொடவில்லை: பொயின்ற் அழுக்கு, அல்லது மொடியூலின் ஏர்த். எரியவே இல்லை என்றால் மின்சாரம் வரவில்லை, அல்லது கொயில் உள்ளே அறுந்துவிட்டது, அல்லது கொண்டென்சர் ஷோட், அல்லது வெட்டும் பகுதி பிரியவே இல்லை. பொயின்ற் வண்டியில் எந்த முடிவு வந்தாலும் பெரும்பாலும் வெறுங்கையால் ஏதாவது செய்யலாம். மொடியூல் வண்டியில், ஏர்த்தும் மின்வரவும் சரி என்றால், மாற்று வேண்டும். சூட்டில் நிற்கும் வண்டிக்கு ஈரத்துணியைக் கொயிலின்மேல் போட்டுப் பாருங்கள். மைனரில் கொயில் டைனமோவின் மேல் இருப்பதால் தன் சூட்டோடு டைனமோவின் சூடும் அதில் ஏறும்.

மாதம் இருமுறை நல்லூருக்கும் கல்யாண வீட்டுக்கும் மட்டும் போகும் கார் என்றால் பொயின்றை மாற்றவே வேண்டாம். நல்ல கொண்டென்சர் ஒன்று தேடி வாங்குங்கள். நாளாந்தம் உழைக்கும் வண்டிக்கு ரான்சிஸ்ரர் பெட்டி. அது கிடைக்காவிட்டால் மொடியூல், ஆனால் வயரும் ஏர்த்தும் முதலில், மொடியூல் பிறகு.

மாமா மொடியூலையே வைத்துக்கொண்டார். செலவழித்தது வீணாகக்கூடாது என்பது அவர் எண்ணம், அதை நான் மறுக்கவில்லை. இருக்கைக்குப் பின்னால் பிஸ்கற் தகரம் ஒன்றில், பொயின்றும் கொண்டென்சரும் பூட்டிய இன்னொரு தட்டு, சிறு திருப்புளி, ஃபீலர் கேஜ், அந்தப் பல்ப் எல்லாம் இருக்கின்றன. கண்ணைக் கட்டிவிட்டாலும் மாற்றிப் பூட்டும் அளவுக்கு முற்றத்தில் வைத்து மூன்று முறை பழகினோம். மூன்றாவது முறை அவருக்கு இருபத்திரண்டு நிமிடம் பிடித்தது.