மாவு, தையல், செக்கு: உங்கள் நாளில் எந்த மணியை எந்தத் தொழில் எடுத்துக்கொள்ளும்?

வீட்டோடு இருந்து ஒரு தொழில் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "மாசம் எவ்வளவு நிக்கும்?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு 9 மணிக்கு வேலையில் உட்கார்ந்து, 3 மணிக்கு எழுந்துவிட வேண்டும்; மாலையும் ஞாயிறும் வீட்டுக்கு. இதுதான் வேண்டும் என்றால், கையில் எடுக்கிற தொழில் அதற்கு இடம் கொடுக்குமா?

நம் ஊர்களில் பலரும் யோசிக்கிற மூன்றை இந்தக் கண்ணோடு பார்ப்போம்: இட்லி மாவு, ப்ளவுஸ் தையல், மரச்செக்கு எண்ணெய். மாவு ஓரிரு நாளில் புளித்துவிடும். தைத்த ப்ளவுஸ் கெடாது, ஆனால் அதற்கு ஒரு தேதி உண்டு. எண்ணெய் மாதக்கணக்கில் தாங்கும். உங்கள் நேரம் உங்கள் கையில் இருக்குமா என்பதை முக்கால்வாசி இந்த வேறுபாடே முடிவு செய்துவிடுகிறது.

மாவு

குறைந்த முதலீட்டில் தொடங்கலாம் என்பதால் எல்லோரும் முதலில் இங்கேதான் வருகிறார்கள். கணக்கைப் பாருங்கள். 10 கிலோ இட்லி அரிசிக்கு 2½ கிலோ உருட்டு உளுந்து, ஒரு கைப்பிடி வெந்தயம். அரிசி கிலோ 50, உளுந்து 140 என்று வைத்தால், உப்பு, வெந்தயம் சேர்த்து 870 ரூபாய். கிடைப்பது சுமார் 28 கிலோ மாவு. கவருக்கும் கரண்டுக்கும் 70 ரூபாய் போட்டால் அடக்கம் 940. கிலோ 45க்கு எல்லாம் விற்றால் 320 ரூபாய் நிற்கும். அதில் 4 கிலோ மட்டும் தங்கிவிட்டால் கையில் 140. ஏழில் ஒரு பங்கு தேங்கினால் லாபத்தில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. கடைகளுக்குப் போட்டு, மீந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

அடுத்தது நேரம். அரிசி 4 முதல் 5 மணி நேரம் ஊற வேண்டும், உளுந்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும். 10 லிட்டர் டில்டிங் கிரைண்டரில் (சாய்த்து மாவை எடுக்கிற வகை) உளுந்து ஒரு நடை, அரிசி இரண்டு மூன்று நடை. கழுவி, கவர் போட்டு முடிக்க 4 மணி நேரம் ஆகும். மக்கள் மாவு வாங்க வருவதோ மாலை 6 முதல் 9 வரை. வாரத்தில் அதிகம் ஓடுவது சனி, ஞாயிறு. நீங்கள் வீட்டுக்கென்று ஒதுக்க நினைத்த நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்கிற தொழில் இது.

தொழில்நுட்பத்தில் இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, உளுந்து சூடேறுவது. தொடர்ந்து ஓடும் கல்லில் மாவு வெதுவெதுப்பானால் பந்து போல உப்பி வராது, இட்லி கல்லாகிவிடும். ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து 30, 40 நிமிடம் அரைக்க வேண்டும். சிறிது மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம். இரண்டு, கல் தேய்வது. அரைக்கும் நேரம் நாளுக்கு நாள் நீண்டால் மோட்டாரைக் குறை சொல்லாமல் கல்லைக் கொத்தக் கொடுங்கள்.

மாவுதான் வேண்டும் என்றால் ஆர்டருக்கு மட்டும் அரையுங்கள். திங்கள், புதன், சனி மூன்று நாள். முந்தைய இரவு வாட்ஸ்அப்பில் ஆர்டர் முடிந்துவிடும். விடிகாலை 5 மணிக்கு அரிசியை ஊறப்போட்டு, காலையிலேயே அரைத்து ஃப்ரிட்ஜில் வைத்து, பிற்பகல் 2 முதல் 3 வரை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லலாம். மீதியே இருக்காது. ஆனால் மாதம் 13 நாளுக்கு 4,000 ரூபாய் சொச்சம்தான் வரும் என்பதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

தையல்

9 முதல் 3 வரை என்ற நாளுக்கு இது நன்றாகப் பொருந்தும். லைனிங் ப்ளவுஸ் ஒன்றை வெட்ட 20, 25 நிமிடம், தைக்க ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ஹெம்மிங்கையும் ஹூக்கையும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கூலிக்குக் கொடுத்துவிட்டால் நாளுக்கு இரண்டு நிதானமாக முடியும். மாதம் 22 நாளில் 44 ப்ளவுஸ். கூலி 300 என்றால் 13,200. நூல், ஹூக், ஹெம்மிங் கூலி, கரண்டு என்று ப்ளவுஸுக்கு 50 கழித்தால் 11,000.

தேங்குகிற சரக்கு இல்லை. ஆனால் வாக்கு தேங்கும். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரமும், தை, ஆவணி முகூர்த்தங்களும் வந்தால் "எங்களுக்கு மட்டும் ஒண்ணு" என்று வருகிறவர்களுக்கு இல்லை என்று சொல்ல முடியாமல், இரவு 1 மணி வரை மிஷினில் உட்கார்ந்து முதுகு போனவர்கள் நிறைய. ஆடியிலும் மார்கழியிலும் மிஷின் சும்மா கிடக்கும். இதற்கு மருந்து ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு தேதிக்கும் இரண்டே கோடு. நிரம்பினால் அடுத்த தேதி. பண்டிகைக்கு 15 நாள் முன்னால் ஆர்டரை மூடிவிடுங்கள்.

நேரத்தைத் தின்பது தையலைவிட ஆல்டரேஷன்தான். அளவு ப்ளவுஸ் கொடுத்தால் அப்படியே வெட்டிவிடாதீர்கள். "இதுல எங்க புடிக்குது, எங்க தொளதொளங்குது?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பருத்தி லைனிங்கை நனைத்துக் காயவைத்து, அயர்ன் செய்த பிறகே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் துவையலில் உள்துணி சுருங்கி, மேல்துணி பொம்மென்று நிற்கும். பக்கத்தில் ஓர் அங்குலம் உள்தையல் விட்டால், பிரித்துவிடும் வேலை பத்து நிமிடத்தில் முடியும்.

செக்கு

15 கிலோ நிலக்கடலைப் பருப்பு ஒரு நடை. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் 6 லிட்டர் எண்ணெய், 8 கிலோவுக்கு மேல் புண்ணாக்கு. மூன்று நான்கு நாள் தெளியவிட்டு வடித்துப் பாட்டிலில் அடைக்கலாம். வாரம் இரண்டு நாள் ஓட்டினால் போதும். இன்று விற்காதது அடுத்த மாதம் விற்கும். நேரம் என்று பார்த்தால் இதைவிட வசதியானது இல்லை.

கட்டிப்போடுவது மிஷினுக்கு வாங்கும் கடன். பருப்பு கிலோ 130, புண்ணாக்கு 40 என்றால், பாட்டிலோடு லிட்டருக்கு அடக்கம் 290 அளவில் வரும். 340க்கு விற்றால் 50 ரூபாய். 5 லட்சம் கடனை 11 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக்கு வாங்கினால் தவணை மாதம் 10,870. அதை மட்டும் அடைக்கவே 218 லிட்டர் ஓட வேண்டும். வீட்டுக்கு 3 லிட்டர் என்றால் 73 குடும்பங்கள். அதன் பிறகுதான் வாடகை, பிறகுதான் நீங்கள்.

பருப்பில் கஞ்சத்தனம் கூடாது. பச்சையும் மஞ்சளுமாகப் பூசணம் பிடித்த பருப்பில் அஃப்ளடாக்சின் நஞ்சு இருக்கலாம். செக்கு எண்ணெயைச் சுத்திகரிப்பதில்லை என்பதால் அந்த நஞ்சில் ஒரு பகுதி எண்ணெயிலும் தங்கிவிடும். கையால் பொறுக்கியே ஆக வேண்டும். கடன் இல்லாமல் நுழைய ஒரு வழி உண்டு: நீங்களே பருப்பு வாங்கிப் பொறுக்கி, ஏற்கெனவே இருக்கிற செக்கில் கூலிக்கு ஆட்டி, உங்கள் பெயரில் விற்பது. வாடிக்கையாளர் 70 குடும்பத்தைத் தாண்டிய பிறகு சொந்த மிஷினைப் பற்றி யோசிக்கலாம்.

மாவுக்கும் எண்ணெய்க்கும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்) பதிவு வேண்டும், அந்த 14 இலக்க எண் கவரில் இருக்க வேண்டும். வீட்டு மின் இணைப்பில் தொழில் நடத்துவதற்கு முன் மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

எதை எடுத்தாலும் மிஷின் வாங்குவதற்கு முன் மூன்று வாரம் சிறிய அளவில் செய்து பாருங்கள். வீட்டு 2 லிட்டர் கிரைண்டரில் ஆறேழு குடும்பத்துக்கு மாவு, அல்லது இருக்கிற மிஷினில் நாளுக்கு ஒரு ப்ளவுஸ், அல்லது கூலிக்கு ஆட்டிய 6 லிட்டர் எண்ணெய். ஒரு தாளில் பணத்தை எழுதுங்கள். இன்னொன்றில் எத்தனை மணிக்கு உட்கார்ந்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், ஞாயிற்றுக்கிழமை எத்தனை முறை போன் வந்தது என்று எழுதுங்கள். மிஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகும்போது இரண்டாவது தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.