மும்பை மழைக்குத் தாங்குவது எது: மண்தொட்டியா, குரோ பேக்கா, பெயின்ட் வாளியா?

மும்பையில் குறைந்த செலவில் தோட்டம் போடுகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது, ஊற்றும் தண்ணீரைப் பற்றி அல்ல. வெளியேற வேண்டிய தண்ணீரைப் பற்றி. ஜூன் இரண்டாம் வாரம் தொடங்கி செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற ஊர். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. மதுரையிலும் திருச்சியிலும் ஈரம் காக்கக் கற்ற வித்தைகளை அப்படியே செம்பூர் பால்கனியில் செய்தால் வேர் அழுகும்.

மண்தொட்டியின் பெருமை அதன் சுவர் மூச்சு விடுவது. வெயில் காலத்தில் அது பெரிய பலம்தான். ஆனால் ஜூலையில் காற்றே ஈரமாக இருப்பதால் சுவர் உலர்வதில்லை. வெளிப்பக்கம் பாசி பிடிக்கிறது. அடியில் இருப்பதோ ஒற்றைத் துளை. அதில் வேரோ களிமண்ணோ அடைத்துக்கொண்டால் இரண்டு நாள் மழையில் தொட்டி குளமாகிவிடும். விலையும் கூட, பாரமும் கூட. பல வருடம் நிற்கப்போகிற கறிவேப்பிலைக்கு ஒன்று வாங்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

குரோ பேக், அதாவது செடி வளர்க்கும் பை, மலிவு, மடித்து வைக்கலாம், மாடிக்குத் தூக்கிப் போவது எளிது. 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள பை சுமார் 22 லிட்டர் பிடிக்கும். வெண்டைக்கும் கத்தரிக்கும் அது போதும். சிக்கல் அடிப்பாகத்தில். ஈர மண்ணின் பாரத்தில் பை தரையோடு ஒட்டி, அடித்துளைகள் மூடிக்கொள்கின்றன. கீழே செங்கல் வைத்து, பக்கவாட்டிலும் நான்கு துளை போட்டால்தான் வடியும். மெல்லிய பையை மண்ணோடு தூக்கினால் தையல் விட்டுவிடும். வெயிலில் இரண்டு மூன்று வருடத்தில் நாரும் உரியத் தொடங்கும்.

நம் தேர்வு 20 லிட்டர் பெயின்ட் வாளி. பங்கார் கடை எனப்படும் பழைய சாமான் கடையிலோ, கட்டடத்தில் பெயின்ட் வேலை முடிகிற சமயத்திலோ மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். தண்ணீரில் கரைக்கிற எமல்ஷன் வாளியாகப் பார்த்து வாங்குங்கள். எண்ணெய் பெயின்ட், தின்னர் இருந்த வாளியைத் தொடவே வேண்டாம். ஓரிரவு தண்ணீர் நிரப்பி வைத்தால் காய்ந்த பெயின்ட் பெரும்பாலும் ஏடாக உரிந்து வரும். சுமார் 10 மில்லிமீட்டர் அளவில் அடியில் எட்டு துளை, பக்கச்சுவரில் அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் நான்கு துளை போடுங்கள். அடித்துளைகள் அடைத்தாலும் பக்கத்துளைகள் உயிர் காக்கும். கம்பியைக் காய்ச்சித் துளைப்பதானால் திறந்த வெளியில் செய்யுங்கள். புகை நெஞ்சுக்கு ஆகாது.

பாத்திரத்தில் மிச்சம் பிடித்த பணத்தை மண் கலவையில் போடுங்கள். விளைச்சலைத் தீர்மானிப்பது அதுதான். நர்சரிச் செம்மண்ணை மட்டும் நிரப்பினால் மழை அடித்து அடித்து மேல்பரப்பு இறுகி, உள்ளே காற்று போகாது. ஈரத்தில் வாளி 30 கிலோ கனக்கும். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) மட்டும் போட்டால் பாரம் குறையும், ஆனால் அது நீரைப் பிடித்து வைக்கவே பேர் போனது. மே மாத வெயிலில் அது வரம். ஜூலையில் அதுவே வேருக்குக் கேடு.

ஒரு வாளிக்கு நிதானமான அளவு இது: செம்மண் 5 லிட்டர், நன்கு மட்கிய உரம் 5, நனைத்துப் பிழிந்த கோகோபீட் 3, சுண்டைக்காய் அளவுக்கும் சிறிதாக உடைத்துத் தூசி சலித்த செங்கல் துண்டு 4. ஈரத்தில் ஏறக்குறைய 20 கிலோ வரும். ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் மேலே தேங்கினால் செங்கல் துண்டை இன்னும் கூட்டுங்கள். பலர் அதை அடியில் ஓர் அடுக்காகப் பரப்புகிறார்கள். அது பலன் தராது. மேலே உள்ள மண் முழுக்க நனைந்து தெவிட்டிய பிறகுதான் நீர் பெரிய இடைவெளிகளுக்குள் இறங்கும். ஆக, ஈரப் பகுதி வேருக்கு இன்னும் அருகே ஏறி வந்துவிடும். கலவை முழுவதும் துண்டுகள் விரவியிருக்க வேண்டும். வாளியின் அடியில் தட்டும் வேண்டாம்: தேங்கிய தண்ணீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும்.

எதை நடுவது? மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை நண்பகல் சூரியன் மும்பைக்கு வடக்கே நிற்கும்; தெற்குப் பார்த்த பால்கனிக்கு மேகம் இல்லாத நாளிலும் நேர்வெயில் குறைவு. அங்கே இஞ்சி, மஞ்சள், வல்லாரை, கற்பூரவல்லி வரும். கொடிப்பசலைக்கு விதைகூட வேண்டாம். சந்தையில் வாங்கிய தடித்த தண்டை இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றினால் போதும். வெயில் படும் இடமென்றால் வெண்டை, பீர்க்கு, பாகல். முளைக்கீரையும் கொத்தமல்லியும் மழை அடியில் சாய்ந்து அழுகும். நர்சரி நாற்றுக்கு ஆசைப்பட்டு ஜூலையில் தக்காளி வாங்காதீர்கள்.

மழையோடு தழைச்சத்தும் கழுவிக்கொண்டு போகும். அடியிலைகள் வெளுப்பது அதற்கு முதல் அடையாளம். மாதம் இருமுறை வாளிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், மழை விட்ட நாளாகப் பார்த்துப் போடுங்கள். கடலைப் புண்ணாக்கை அப்படியே தூவினால் பூஞ்சையும் புழுவும் வரும். 100 கிராமை ஒரு லிட்டர் நீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீர் கலந்து ஊற்றுங்கள்.

தக்காளியை ஆகஸ்ட் நடுவில் கூரைக்கு அடியில் விதைக்கலாம். நாற்றழுகலைத் தடுக்க விதைக்கும் மண்ணில் ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து, செப்டம்பர் கடைசியில் வாளிக்கு மாற்றினால் குளிர்காலம் முழுக்கக் காய் பறிக்கலாம்.