நாலு வருட ஆஸ்கரும் ஒரு வெள்ளைக் கோடும்

போன வாரம் குடியாத்தத்திலிருந்து சித்தப்பா மகன் போன் செய்தான். பெண்ணுக்குப் பிறந்தநாள் வருகிறதாம். "மீன் தொட்டி வாங்கித் தரலாமாணா? நீதான் இவ்ளோ நாளா வெச்சிருக்கியே." நான் அப்போது தொட்டியின் முன்பக்கக் கண்ணாடியைப் பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தேன். "வாங்காதே" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. ஆற அமர யோசித்து எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது நாலடித் தொட்டி, ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். முழுக்க நிரப்பினால் கிட்டத்தட்ட 250 லிட்டர். உள்ளே ஒரே ஒரு ஆஸ்கர் மீன். முதலில் இரண்டடித் தொட்டிதான் வாங்கினேன். விரல் நீளக் குட்டியைக் கையில் கொடுத்த கடைக்காரர், "தொட்டி எவ்ளோ பெருசோ அவ்ளோதான் சார் மீன் வளரும்" என்றார். சுத்தப் பொய். ஆஸ்கர் ஓரடி நீளம் வரை வளர்கிற மீன், பத்து வருடத்துக்கு மேலும் வாழும். சின்னத் தொட்டியில் வைத்தால் அது அடக்கமாக வளராது, நோயாளியாகத்தான் வளரும். எட்டே மாதத்தில் திரும்பக்கூட இடமில்லாமல் போய், பெரிய தொட்டி செய்யச் சொன்னேன். கடைக்காரரின் அந்த ஒரு வாக்கியத்தால் எனக்கு ஆன செலவை வீட்டில் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை.

சரி, வெள்ளைக் கோட்டுக்கு வருகிறேன்.

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் போர் போட்டால் வருவது உப்புத் தண்ணி. பக்கெட், குழாய், ஹீட்டர் எல்லாவற்றிலும் வெள்ளையாகப் படியும். தொட்டியில் அது நீர்மட்டம் நிற்கும் இடத்தில், ஒரு விரல் அகலத்துக்கு, நாலடிக்கும் கோடாகப் படிந்துவிடுகிறது. சோபாவில் உட்கார்ந்தால் சரியாகக் கண்ணுக்கு நேரே. எலுமிச்சம்பழம், வினிகர் எல்லாம் பார்த்தாயிற்று. மட்டத்தை இறக்கிவிட்டு, வினிகர் நனைத்த துணியை அரைமணி நேரம் ஒட்டிவைத்தால் இளகும். ஆனால் சொட்டு உள்ளே போகாமல் பார்க்க வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும். எனக்கில்லை. பிளேடை எடுத்தேன். இப்போது கோடும் இருக்கிறது, கீறலும் இருக்கிறது.

காரணம் புரியவே இரண்டு கோடை ஆனது. தொட்டியில் தண்ணீர் ஆவியாகும்போது தண்ணீர் மட்டும்தான் போகிறது, உப்பு உள்ளேயே தங்குகிறது. குறைந்த மட்டத்தை மறுபடி போர் தண்ணீரால் நிரப்பினால் இன்னும் கொஞ்சம் உப்பு சேர்கிறது. மாதக்கணக்கில் இப்படிச் செய்தால் குழம்பைச் சுண்ட வைப்பது போலத்தான். நம் ஊரை வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள்? அக்னி நட்சத்திரத்தில் தொட்டித் தண்ணீர் கையில் வெதுவெதுப்பாகவே இருக்கும். சூடேறினால் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும், மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதற்காக ஒரு சின்ன மேசை விசிறியை நீர்ப்பரப்பை நோக்கித் திருப்பி வைக்கிறேன். இரண்டு டிகிரியாவது இறங்குகிறது. இறங்குவது எப்படி என்றால், தண்ணீர் ஆவியாகித்தான். ஒரு நாளைக்கு அரைக்குடம் போகிறது. மீனைக் காப்பாற்றுகிற விசிறிதான் கோட்டையும் தடிமனாக்குகிறது!

இப்போது குறைவதை நிரப்ப மட்டும் ஆர்.ஓ. தண்ணீர். நடுவில் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன்: ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீர் வீணாகிறதே என்று அதைப் பிடித்து ஊற்றினேன். மெஷின் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது என்பது கோடு இரட்டிப்பான பிறகு உறைத்தது. வாராவாரம் கால்வாசி மாற்றுவதற்குக் குழாயில் வரும் காவிரித் தண்ணீர். பாலாற்றங்கரை ஊரில் இருந்துகொண்டு மீனுக்குக் காவிரி! குளோரின் போக ஒருநாள் பேரலில் திறந்து வைத்துவிட்டு ஊற்றுகிறேன். குழாயில் வராத வாரம் போர்தான், வேறு வழியில்லை. ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவக் கூடாது, தொட்டித் தண்ணீரிலேயே அலச வேண்டும். மீன் கழிவின் அம்மோனியாவை முறிக்கும் பாக்டீரியா அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ள ஆறு கோல்டுஃபிஷ் செத்தன. அதைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை.

கரண்ட் கட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைத்தால் போதும்.

மீனைப் பற்றிச் சொல்லாமல் இருந்தால் அநியாயம். நான் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கண்ணாடி ஓரம் வந்து உடம்பை ஆட்டும். வேறு யார் வந்தாலும் இப்படி ஆட்டாது, தீனி போடுகிற ஆளைத் தெரிகிறது. விரலை எங்கே நகர்த்தினாலும் பின்னாலேயே வரும். நான் அடுக்கிய கூழாங்கற்களை ராத்திரியில் தனக்குப் பிடித்த மூலைக்கு வாயால் தள்ளிவிடும், நட்ட செடியைப் பிடுங்கிப் போடும். முதல்முறை தண்ணீர் மாற்றியபோது ஒருக்களித்துத் தரையில் படுத்துவிட்டது. செத்துவிட்டது என்று பதறிக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் சிரித்தார்: "கோவிச்சிக்கிச்சு சார், நாளைக்கு எழுந்துக்கும்." அந்த மனுஷன் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. மறுநாள் எழுந்து தீனி கேட்டது.

போன மாதம் தொட்டியின் ஒரு மூலையில் கசிவு. சிலிகான் மறுபடி போட்டுக் காயும்வரை மூன்று நாள் மீன் பேரலில் இருந்தது, பஞ்சு ஃபில்டரும் அதனோடு. கூடம் வெறிச்சென்று இருந்தது. புதுக் கோடு படியாத கண்ணாடியை மூன்று நாள் ரசித்திருக்க வேண்டும். ரசிக்கவில்லை. நாளுக்குப் பத்து தடவை பேரலை எட்டிப் பார்த்தேன்.

ஒட்ட வந்த பையன்தான் போகிறபோக்கில் சொன்னான்: "மேல ரெண்டு இஞ்ச் கறுப்பு டேப் ஒட்டிடு சார், கோடு தெரியாது." நாலு வருடம்! ஒட்டினேன், தெரியவில்லை.

தம்பி, என் பதில் இன்னமும் வாங்காதேதான். மீறி வாங்கினால் நாலடிக்குக் குறையாமல் வாங்கு, டேப்பை முதல் நாளே ஒட்டு. இன்று காலை பார்த்தேன். வெயிலில் மட்டம் இறங்கி, டேப்புக்குக் கீழே புதிதாக ஒரு கோடு வரத் தொடங்கியிருக்கிறது. பிளேடு எங்கே என்று வீட்டில் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.