நூற்புழு தாங்குற தக்காளிக்கு மார்க்கரா, வேரைப் பிடுங்கிப் பாக்குறதா?

வேர்முடிச்சு நூற்புழுவைத் தாங்குற தக்காளிச் செடியைப் பொறுக்கி எடுக்க ரெண்டு வழி இருக்கு, புழு உள்ள மண்ணுல நட்டு வேரைப் பாக்கலாம், இல்ல நாத்துலயே டிஎன்ஏ மார்க்கர், அதாவது எதிர்ப்பு ஜீன் இருக்கான்னு காட்டுற டிஎன்ஏ அடையாளம், போட்டுப் பாக்கலாம். ரெண்டும் செஞ்சு பாத்தேன், இப்ப மார்க்கர் பக்கம்தான். செலவுன்னு பாத்தா மண்ணுதான் மலிவு, மார்க்கருக்கு லேப், டிஎன்ஏவைப் பெருக்குற பிசிஆர் மெஷின் எல்லாம் வேணும், அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

ஆனா என்னை மாத்துனது ஒரு சீசன் கணக்கு. பெருவியானம்ங்கற காட்டுத் தக்காளியிலேருந்து 1940கள்ல கொண்டுவந்த, நூற்புழுவைத் தடுக்குற மி-1 ஜீன் ஓங்குதன்மை உள்ளது, அதாவது அப்பா, அம்மா ரெண்டு பக்கத்துல ஒரு பக்கத்துலேருந்து வந்தாலே எதிர்ப்பு வந்துடும். எதிர்ப்புள்ளதையும் இல்லாததையும் கலந்த ஒட்டுச் செடியோட விதையிலேருந்து வர்ற எஃப்2 தலைமுறையில 200 செடி வச்சா சுமார் 150 செடியோட வேர்ல முடிச்சே இருக்காது, அதுல ஒரு 50 தான் ரெண்டு பக்கமும் எதிர்ப்பு ஜீன் உள்ளது, மீதி 100 கலப்பு, அதுங்க விதையைப் போட்டா மறுபடி பிரிஞ்சு வரும். வேரை எவ்வளவு உத்துப் பாத்தாலும் இந்த 50 எது 100 எதுன்னு சொல்லவே முடியாது, 150-லயும் விதை எடுத்து அடுத்த தலைமுறை, எஃப்3, போட்டாத்தான் தெரியும், அதுக்குள்ள ஒரு சீசன் போயிடும். மி-1 ஜீனைக் காட்டுற மி23 மார்க்கர்ல சின்ன இலைத்துண்டு போதும், டிஎன்ஏ துண்டுகளை அளவு வாரியாப் பிரிக்குற ஜெல்லுல எதிர்ப்பு உள்ளதுக்கு ஒரு பேண்டு (கோடு), இல்லாததுக்கு வேற பேண்டு, கலப்புச் செடிக்கு ரெண்டு பேண்டும் சேந்து தெரியும், அன்னிக்கே பிரிச்சுடலாம். போதாததுக்கு வேரைப் பாக்கணும்னா செடியைப் பிடுங்கணும், காய் அருமையா பிடிச்சிருந்த ஒரு செடியைப் பிடுங்கிப் பாத்துட்டுத் திரும்ப நட்டேன், பிழைக்கல, இன்னும் மனசுல நிக்குது. புழுவும் வயல் முழுக்க ஒரே மாதிரி இருக்காது, புழு இல்லாத இடத்துல நின்ன செடியும் எதிர்ப்புள்ளது மாதிரியே தெரியும்.

மண்ணுக்கும் ஒரு பலம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. மண் சூடு 28 டிகிரி தாண்டுனா மி-1 சரியா வேலை செய்யாது, ஹாப்லா வகை நூற்புழுவை அது தடுக்கறதும் இல்ல. மார்க்கர் ஜீன் இருக்குன்னு மட்டும்தான் சொல்லும், செடி நெஜமாவே தாங்குதான்னு புழு மண்ணுலதான் தெரியும். விளைச்சல், ருசி மாதிரி நெறைய ஜீன் சேந்து வர்ற குணத்துக்கு மார்க்கர் வச்சுத் தேர்ந்தெடுத்த அனுபவம் எனக்குக் கம்மி, அங்க இன்னும் வயலைத்தான் நம்புறேன்.

அதனால இப்ப நாத்துல மார்க்கர் போட்டு முக்கால்வாசியைக் கழிச்சுட்டு, மிஞ்சுனதோட விதையில கொஞ்சம் மட்டும் வெயில் காலத்துல புழு மண்ணுல நட்டுப் பாக்குறேன்.