ஒம்போது வருஷமா க்ளையன்ட்டுக்கு கிஃப்ட் குடுத்ததுல எது புழக்கத்துல இருக்கு, எது பரண் ஏறிடுச்சு

கும்பகோணத்துல சின்னதா ஒரு அக்கவுண்ட்ஸ் ஆஃபீஸ் வச்சிருக்கேன். ஜிஎஸ்டி ஃபைலிங், இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன், டேலி என்ட்ரி, இதுதான் வேலை. நாச்சியார்கோயில், திருபுவனம், பாபநாசம், மன்னார்குடி, அந்தப் பக்கம் பேராவூரணி வரைக்கும் ஒரு நாப்பத்தஞ்சு க்ளையன்ட் இருக்காங்க, ரைஸ் மில், பட்டு, பாத்திரக்கடை, உரக்கடை, கொப்பரை யாவாரம்னு எல்லா தினுசும் உண்டு. 2016 தீபாவளில ஆரம்பிச்சு வருஷா வருஷம் ஏதாவது குடுத்துட்டு வர்றேன். யாருக்கு என்ன குடுத்தேன்னு ஒரு நோட்டுல எழுதிடுவேன். ஸ்டாக் பாக்க, பில்லு வாங்கன்னு அவங்க இடத்துக்குப் போறப்ப குடுத்த சாமான் இப்ப எங்க இருக்குன்னு கண்ணு தானா தேடும், அதையும் அதே பக்கத்துல எழுதி வைப்பேன். அந்த நோட்டைப் பாத்துத்தான் இதை எழுதுறேன், இந்த வருஷம் தீபாவளிக்கு என்ன வாங்கலாம்னு யோசிக்கிறவங்களுக்கு உதவும்.

மொத வருஷம் எல்லாருக்கும் ஒரே கிஃப்ட், தஞ்சாவூர் தட்டு சின்ன சைஸ். பித்தளை தட்டு மேல வெள்ளித் தகட்டுல உருவம் எழும்பி நிக்கும், பாக்க அவ்ளோ அழகா இருக்கும், பேர் சொல்ற நம்ம ஊரு கைவேலை. நான் வாங்குனது மொத்தமும் நடுவுல பிள்ளையார் போட்டது. லிஸ்ட்டு போட்டு பையனை விட்டு எல்லா இடத்துக்கும் அனுப்பிட்டேன். பாபநாசம் பக்கத்துல அரிசி மண்டி வச்சிருக்குற பாய் ஒருத்தர், என்கிட்ட மொத மொதல்ல வந்த க்ளையன்ட், அவருக்கும் அதே தட்டுதான் போயிருக்கு. மறுவாரம் பில்லு வாங்கப் போனப்ப அவரு டேபிள் மேல பேப்பர் சுத்துனது பிரிக்காம அப்படியே இருந்துச்சு. நான் பாத்ததும் எனக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு, என்ன சொல்றதுன்னே தெரியல. அவரே எடுத்து என் கையில குடுத்து "இது ஒங்க வீட்டு பூஜை ரூம்ல இருந்தாத்தான்மா அதுக்கு மரியாதை, ஒன் மனசு எனக்குத் தெரியும், வந்து டீ குடி"ன்னாரு. இன்னைக்கும் அந்தத் தட்டு எங்க வீட்டுலதான் இருக்கு. அப்பறம் அவருக்கு தீபாவளிக்குக் குடுக்குறதையே விட்டுட்டேன். ரமலான் மாசத்துல ஒரு நாள் சாயங்காலம் நோன்பு திறக்குறதுக்கு முன்னாடி நானே நேர்ல போயி நல்ல பேரீச்சம்பழமும் ஒரு சீப்பு பூவன் பழமும் குடுத்துட்டு வருவேன். அவங்க வீட்டம்மா தூக்குல நோன்புக் கஞ்சி ஊத்தி அனுப்புவாங்க. அதுல இருந்து பையன்கிட்ட குடுத்து விடுற பழக்கமும் போச்சு, இந்தப் பக்கத்து க்ளையன்ட் எல்லாருக்கும் ரெண்டு வாரம் ஆனாலும் நானேதான் போறேன். கூட ஒரு கவுளி வெத்தலை, பாக்கு, வாங்கிக்கிறவங்க வழக்கத்தைப் பொறுத்து மஞ்சளும் வச்சுக்குவேன். கும்பகோணம் வெத்தலைக்கு 2025ல புவிசார் குறியீடு கெடச்சப்ப எங்க க்ளையன்ட் ஒருத்தர் கொடிக்கால் வச்சிருக்காரு, அவரு ஃபோன் பண்ணி சந்தோஷப்பட்டது மறக்காது.

குத்துவிளக்கு பத்தி கொஞ்சம் விலாவாரியா சொல்லணும், ஏன்னா நெறைய பேரு இதுலதான் காசை விடுறாங்க. 2017ல கல்யாணம், கிரகப்பிரவேசம் நடந்த ஒரு ஏழு க்ளையன்ட் வீட்டுக்கு நாச்சியார்கோயில் விளக்கு குடுத்தேன். காவேரி வண்டல் மண்ணுல அச்சு பிடிச்சு வாக்குறது, அடி தனி, தண்டு தனி, எண்ணெய் ஊத்துற தட்டு தனி, மேல அன்னம் தனி, எல்லாம் கடைசல் போட்டு மறை வெட்டித் திருகி சேக்குறது. நான் ரேட்டு கம்மியா இருக்குன்னு டவுன்ல ஒரு கடையில மொத்தமா எடுத்தேன், பாக்க பளபளன்னு இருந்துச்சு. ஒரு வருஷம் கழிச்சுப் போயி பாத்தா ஏழுல ரெண்டு ஆடுது. மறை சரியா உக்காரல, தட்டு ஒரு பக்கமா சாஞ்சு எண்ணெய் தண்டு வழியா எறங்கி அடியில கறுப்பா பிசுக்கு புடிச்சு கெடக்கு, அந்த அம்மா அடியில பழைய துணி மடிச்சு வச்சிருந்தாங்க. ஒரு குறையும் சொல்லல, நம்ம குடுத்ததாச்சேன்னு தெனம் அதுலதான் ஏத்துறாங்க. எனக்கு மனசு கேக்கல, ரெண்டையும் வாங்கிட்டு வந்து நாச்சியார்கோயில்லயே பட்டறையில குடுத்து மறையை சரி பண்ணித் திருப்பிக் குடுத்தேன். அப்ப அந்தப் பட்டறைக்காரரு சொல்லிக் குடுத்தாரு. விளக்கை எப்பவும் எடை போட்டு வாங்கு, உயரத்தைப் பாக்காத. தண்டை முழுசா கழட்டி நீயே திருகிப் பாரு, கடைசி சுத்து வரைக்கும் இறுக்கமா போகணும். அடியைத் தரையில வச்சு விரலால தட்டிப் பாரு. இந்த மூணையும் பாத்து வாங்குனது எல்லாம் இன்னைக்கு வரைக்கும் நல்லா நிக்குது, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை புளி போட்டுத் தேய்ச்சு தேய்ச்சு ஓரத்துல வேலைப்பாடு கொஞ்சம் மழுங்கியிருக்கு, அதைப் பாக்கும்போது எனக்கு அவ்ளோ நெறைவா இருக்கும்.

பித்தளை டபரா செட்டு அந்த அளவுக்கு ஓடல. சென்னையில இருக்குற க்ளையன்ட் நாலு பேருக்கு டிகிரி காப்பி ஊருல இருந்து வருதேன்னு ஆசையா குடுத்தேன், ஒரு வருஷத்துல நாலும் ஷோகேஸுக்குப் போயிடுச்சு. தேய்க்க ஆள் இல்ல, நேரம் இல்ல. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. நெட்டி வேலை, அதான் தண்ணிச் செடியோட வெள்ளைத் தண்டுல செதுக்குற பொம்மை, தஞ்சாவூர்ல வாங்கி ஒரு டாக்டருக்குக் குடுத்தேன், கண்ணாடிப் பெட்டிக்குள்ள நல்லா அடைச்சது, அஞ்சு வருஷமாகியும் வெள்ளை மாறாம க்ளினிக் வரவேற்புல இருக்கு. கண்ணாடி இல்லாம வாங்காதீங்க, தூசியும் ஈரமும் பட்டா போச்சு. தலையாட்டி பொம்மை சின்னப் புள்ளைங்க இருக்குற வீட்டுக்கு அருமையான கிஃப்ட், ஆனா கூரியர்ல அனுப்பாதீங்க, நேர்ல குடுங்க.

ஸ்வீட் பாக்ஸ் மூணு வருஷம் குடுத்தேன். திருவையாறு அசோகாவை அன்னன்னைக்கு வாங்கி சூடு ஆறுறதுக்குள்ள குடுத்தா அதுக்கு ஈடே கெடையாது, அதுல சந்தேகமே இல்ல. ஆனா தீபாவளி வாரத்துல ஒவ்வொரு கடையிலயும் இருவது பாக்ஸ் அடுக்கியிருக்கும், நம்மளது இருவத்தொண்ணு. பாதிப் பேருக்கு சுகர் வேற. நிறுத்திட்டேன்.

வெளியூர் க்ளையன்ட்டுகளுக்கு இப்ப அரிசி. மாப்பிள்ளை சம்பா, தூயமல்லி, கருப்பு கவுனி, மூணும் ரெண்டு ரெண்டு கிலோ துணிப்பையில. திருத்துறைப்பூண்டில நெல் ஜெயராமன் ஐயா 174 பாரம்பரிய ரகத்தை மீட்டெடுத்தாரு, நெல் திருவிழாவுல ரெண்டு கிலோ விதை வாங்கிட்டுப் போறவங்க அடுத்த வருஷம் நாலு கிலோவா திருப்பிக் குடுக்கணும்னு வழக்கம் வச்சாரு, 2018ல போய்ச் சேந்துட்டாரு. அந்தப் பக்கத்துல பயிர் பண்றவங்ககிட்டதான் எடுக்குறேன். மொத தடவை ரெண்டு பேரு வண்டு வச்சிடுச்சுன்னு சொன்னாங்க, பாலிஷ் கம்மியான அரிசியில அது சீக்கிரம் வரும். இப்ப அறுவடை முடிஞ்சு தை மாசிலதான் அனுப்புறேன், உள்ள ஒரு துண்டு வசம்பு போட்டு, எப்படி ஊற வைக்கணும் எவ்ளோ தண்ணின்னு கையால எழுதுன சீட்டும் வைக்கிறேன். கவுனியை ராத்திரியே ஊற வைக்கணும்னு சொல்லலேன்னா வேகலன்னு தூக்கி வச்சிடுவாங்க. அந்த சீட்டு வச்ச வருஷத்துல இருந்து "தீந்து போச்சு, எங்க கெடைக்கும்"னு ஃபோன் வருது.

ரொம்ப கம்மி செலவுல ரொம்ப உழைக்கிறது எதுன்னா காலண்டர். எல்லாரும் குடுக்குறதுதானேன்னு நெனைப்பீங்க. நானும் 2018ல சாதா தினசரி காலண்டர்தான் அடிச்சேன். ஒரு ரைஸ் மில்லுல எடை மெஷின் பக்கத்துல வரிசையா ஆறு காலண்டர் ஆணியில தொங்குச்சு, அதுல ஒண்ணுலதான் தாள் கிழிச்சிருந்தாங்க, அது என்னோடது இல்ல. அடுத்த வருஷம் மாசக் காலண்டரா மாத்தி, 11ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (வித்த கணக்கு), 20ம் தேதி 3பி (வரி கட்டுற ரிட்டர்ன்), ஜூலை 31 இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன்னு செகப்புக் கட்டம் போட்டு, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி "பில்லு அனுப்புங்க"ன்னு பச்சையில போட்டேன். 2021ல மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுற காலாண்டு ஸ்கீம் வந்தப்ப அதுல இருக்குறவங்களுக்குத் தனியா வேற அச்சு, 13, 22, 25ம் தேதின்னு. இப்ப போற கடையிலெல்லாம் கல்லாவுக்கு நேரா இதுதான் தொங்குது. முன்னாடி 18ம் தேதி ராத்திரி வரைக்கும் நான் துரத்தணும், இப்ப பச்சைக் கட்டம் பாத்து அவங்களே வாட்ஸ்அப்ல அனுப்புறாங்க. லேட் ஃபீஸ் கட்டுறவங்க ரெண்டு மூணு பேரா கொறஞ்சுட்டாங்க.

இன்னொண்ணு, மொதலாளிக்குக் குடுத்துட்டு கணக்குப்பிள்ளையை மறந்துடுறோம். அந்த ரைஸ் மில்லுலயே இருவது வருஷமா கணக்கு எழுதுற ஐயா ஒருத்தர், அவரு எடுத்து வைக்கலேன்னா எனக்கு ஒரு பில்லு வராது. அவரு கால்குலேட்டர்ல அஞ்சும் எட்டும் அமுக்குனா ரெண்டு தடவை விழும், ஒவ்வொரு டோட்டலையும் மூணு வாட்டி போடுவாரு. 2019 ஆயுத பூஜைக்கு மொதலாளிகிட்ட கேட்டுட்டு, அவரு முன்னாடியே, ஒரு கேசியோ டெஸ்க் கால்குலேட்டர் குடுத்தேன், போட்டதைத் திரும்ப செக் பண்ற பட்டன் இருக்குறது. பெட்டியைப் பிரிக்காம ரெண்டு கையாலயும் கொஞ்ச நேரம் புடிச்சிட்டே இருந்தாரு, "எனக்கா பாப்பா?"ன்னு கேட்டாரு. ஆறு வருஷம் ஆச்சு, எண்ணெல்லாம் பாதி அழிஞ்சிடுச்சு, மேல பிளாஸ்டிக் கவர் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டி வச்சிருக்காரு, சாயங்காலம் பீரோவுல வச்சுப் பூட்டிட்டுத்தான் கெளம்புறாரு. மொதலாளிக்குத் தெரியாம மட்டும் குடுத்துடாதீங்க, அது வேற மாதிரி ஆயிடும். அதே மாதிரி கவர்ன்மென்ட் ஆபீசருங்களுக்கு கிஃப்ட்டுங்குற பேச்சே கூடாது, 2018 சட்டத் திருத்தத்துக்கு அப்பறம் லஞ்சம் குடுக்குறவங்களுக்கும் நேரடியா தண்டனை உண்டு.

கணக்குன்னு வந்ததால ரெண்டு விஷயம். கிஃப்ட்டுக்கு வாங்குன பொருளுக்கு ஜிஎஸ்டி இன்புட் (வாங்குறப்ப கட்டுன வரியைக் கழிச்சுக்குறது) எடுக்க முடியாது, ஜிஎஸ்டி சட்டம் 17(5)ல தடுத்திருக்கு, பில்லுல வந்துருச்சேன்னு எடுத்துடாதீங்க. 2022 ஜூலை 1ல இருந்து இன்கம்டாக்ஸ்ல 194ஆர்னு ஒரு பிரிவு வந்துச்சு, தொழில் சம்பந்தமா ஒரு ஆளுக்கு வருஷத்துல 20,000 ரூபாய்க்கு மேல போற சலுகை, பொருளுக்கு குடுக்குறவங்க 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிச்சுக் கட்டுற வரி) கட்டணும். முந்தின வருஷம் யாவாரத்துல ஒரு கோடி, ப்ரொஃபஷன்ல 50 லட்சம் தாண்டாத தனிநபருக்கு இது பொருந்தாது, அதனால எனக்கு வரல. ஆனா டீலருங்களுக்குத் தங்கக் காசு, டூர்னு குடுக்குற கம்பெனிங்களும், அதை வாங்கிக்குற நம்ம உரக்கடைக்காரங்களும் இதைப் பாத்துக்கணும்.

பேராவூரணி கொப்பரை யாவாரி அண்ணனைப் பத்தி சொல்லாம முடிக்க முடியாது. 2018 நவம்பர் 6 தீபாவளி, அவருக்கு ஒரு கிலோ ஸ்வீட் குடுத்துட்டு வந்தேன். 16ம் தேதி விடியக்காலம் கஜா புயல். நாலாவது நாள் பட்டுக்கோட்டை தாண்டி போக முடிஞ்சப்ப ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் தென்னை எல்லாம் ஒரே பக்கமா தலை சாஞ்சு படுத்துக் கெடக்கு. அவரு தோப்புல 300க்கும் மேல மரம் போச்சு. ஓடு பறந்த வீட்டுல சின்னப் புள்ளைங்களை வச்சிட்டு உக்காந்திருந்தாரு. நான் கொண்டு போனது தார்ப்பாய் ரெண்டு, சார்ஜ் லைட்டு, மெழுகுவத்தி, கொசுவத்தி, குடிக்கத் தண்ணி கேனு. அந்தத் தார்ப்பாய் மொதல்ல கூரைக்கு மேல கெடந்துச்சு, வீடு மேஞ்சப்பறம் களத்துக்கு வந்து மூணு வருஷம் அதுலதான் கொப்பரை காய வச்சாரு.

அடுத்த தீபாவளிக்கு ஸ்வீட் எடுத்துட்டுப் போக எனக்கு மனசு வரல. டிசம்பர் வரைக்கும் பொறுத்து, நடவுக்கு ஏத்த நேரம்னு கேட்டுக்கிட்டு, வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்துல பத்து நெட்டைக் கன்னு வாங்கி வண்டியில ஏத்திட்டுப் போனேன். முன்னூறு மரம் போன எடத்துல பத்து கன்னு ஒண்ணுமே இல்ல, அது எனக்கும் தெரியும். அவரு எதுவும் பேசல, மம்பட்டியை எடுத்துட்டு வீட்டுப் பக்கத்து வரப்பு ஓரமா அன்னைக்கே குழி எடுக்க ஆரம்பிச்சுட்டாரு. வருஷா வருஷம் கணக்கு முடிக்கப் போறப்ப அந்த வரிசையைப் போயி பாத்துட்டு வருவேன், நோட்டுல "ஓலை 7", "இடுப்பு உசரம்"னு எல்லாம் எழுதியிருக்கேன். ரெண்டை காண்டாமிருக வண்டு குருத்துலயே தின்னுடுச்சு. எட்டு நிக்குது. போன மாசம் அவரு வீட்டு அண்ணி வாட்ஸ்அப்ல ஒரு ஃபோட்டோ போட்டிருந்தாங்க, மூணாவது மரத்துல மட்டையைத் தள்ளிக்கிட்டு மொத பாளை வெளிய வந்திருக்கு, ஃபோட்டோவுக்குக் கீழ "ஒங்க கன்னு"ன்னு மட்டும் எழுதியிருந்தாங்க.